ஒற்றைக் கூவல்

ஒரு நாளும் பேர் சொல்லி நான் அழைத்திராத என் அத்தானுக்கு,

உங்களுக்கு இப்போது விலாசம் இல்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போன மார்கழியில் நான் சொன்ன ஒரு பொய்யை ஊர் முழுவதும் நம்பியது. போலீஸ் அதை எழுதிக்கொண்டது. உங்கள் சர்வே ஆபீஸும் எழுதிக்கொண்டது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் எழுந்து நடமாடினாள். ஊருக்குக் கேட்கச் சொன்ன பொய்யை உங்கள் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்துவது சரியாக இராது.

நான் சொன்னது இது: ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கேட்டது, அத்தான்.

முதலில் உங்கள் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தால் பேப்பரைப் பிரிக்கும் முன்பே கேட்பது அதைத்தான். எல்லை முடிவாகிவிட்டது. நம் நான்கு தாலுக்காவும் சென்னை ராஜ்யத்தில். நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றுவிட்டது. எல்லைக் கல் நடப் போகிறவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டீர்கள். "கடலாசுப் படத்துல கோடு போடுகது எளுப்பம் மக்கா. காட்டுல அந்தக் கோட்ட எவன் கொண்டு நடுவான்? நான்தான் நடணும்" என்பீர்கள். உங்கள் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். மலையாளத்தில் எழுதியிருக்கும் பழைய நில அளவுப் படங்களைத் தமிழில் எழுத ஆள் தேடுகிறார்களாம்.

ஐப்பசி நடுவில் ராஜ்யம் மாறியதைக் கொண்டாடித் தக்கலை முழுவதும் வெடி போட்டார்கள். அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "சத்தம்" என்றாள்.

இவ்வளவுதான் சேதி. இனி நான் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

மார்கழியில் வேளிமலையைச் சுற்றி வருவது உங்கள் வழக்கம். குமாரகோவில் பக்கம் ஏறி, மலையின் முதுகில் நடந்து, கிழக்குச் சரிவில் இறங்கி, அடிவாரத்தை ஒட்டி மறுபடியும் குமாரகோவில். போன வழியே திரும்பி வர மாட்டீர்கள். சங்கிலி பிடித்து அளக்கிறவன் புறப்பட்ட கல்லுக்கு வேறு வழியாக வந்து சேர வேண்டும், அப்போதுதான் எங்கே தவறினோம் என்று தெரியும் என்பீர்கள். நான் திருவனந்தபுரத்தில் தத்துவம் படித்து முடித்து, வேலை கிடைக்காமல் உங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். போன மார்கழியில் என்னையும் அழைத்துப் போனீர்கள்.

அடிவாரத்தில் தங்கையனின் சாயாக்கடை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"சர்வேயர் சாரே, மலைய அளக்கவா?"

"இல்ல தங்கையா. சும்மா நடக்க."

"சும்மாவா? விறகுக்கு இல்ல, தேனுக்கும் இல்ல?"

"இல்ல."

"கோயிலுக்கு நேர்ச்சை ஏதாவது?"

"அதும் இல்ல."

தங்கையன் சாயாவை ஆற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "தம்பியாவது வெவரமான ஆளுன்னு நெனச்சேன். மலையில சும்மா நடக்கதுக்கும் பி.ஏ. படிக்கணுமோ?"

"அவன் நடக்க மாட்டான்" என்றீர்கள். "பேசிக்கிட்டே வருவான். மலை அவனுக்காக நடக்கணும்."

உண்மை. முந்திரித் தோப்பு முடியும் வரை பேசினேன். அதற்கு மேல் மூச்சு வாங்கியது. வேங்கை மரமும் மருதும் நெருங்கி நின்ற இடத்தில் பனி தரையோடு கிடந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நம் காலடியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பறவை கூட எங்கோ ஒன்றுதான். நீங்கள் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்தீர்கள். நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

அப்போதுதான் கீழே எங்கிருந்தோ கூவல் கேட்டது. கூ, கூ, கூ. மூன்று. சற்று நேரம் கழித்து வேறொரு சரிவிலிருந்து பதில். அதுவும் மூன்று.

வாசிப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் மலைகளில் விறகெடுப்பவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லி அழைப்பதில்லை. மூன்று முறை கூவுவார்கள். கேட்டவர் மூன்று முறை எதிர்க்கூவல் கொடுப்பார். ஒரே ஒரு முறை கூவல் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அது மனிதன் இல்லை, வாதை. பதில் கொடுத்தால் குரல் வந்த வழியே பிடித்துக்கொண்டு வந்துவிடும். வாதை என்பது அடங்காமல் அலையும் உயிர்.

"நீங்க இத நம்புதியளா அத்தான்?"

"நம்புகது வேற காரியம். காட்டுல ஒரு சத்தம் கேட்டா அது கொரங்கா இருக்கும், மரம் முறியதா இருக்கும். ஒண்ணுபோல மூணு தடவ கூவ மனுசனாலதான் முடியும். வாதைய விடு. ஏற்பாடு நல்ல ஏற்பாடு."

"பயத்துக்கு வேட்டி கட்டி விடுதிய."

நீங்கள் சிரித்தீர்கள். நான் விடவில்லை. பயத்தைப் பற்றி, அறிவைப் பற்றி, இந்த ஜனங்கள் எதனால் இப்படியே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி, மூச்சு வாங்க வாங்கப் பிரசங்கம் செய்தேன். கடைசியில் நீங்கள் ஒரு வேரில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினீர்கள்.

"செரி மக்கா. ஒரு நா நான் ஒத்தக் கூவல் கூவுதேன். நீ பதில் குடுக்கியான்னு பாப்போம்."

"குடுப்பேன்."

"குடுப்ப, குடுப்ப."

எத்தனையோ பேச்சு பேசினோம். அது மட்டும் ஏன் இப்படி நிற்கிறது?

மலை முதுகைத் தாண்டியதும் நீங்கள் நின்றீர்கள். இடப்பக்கம் வளைவில் ஒரு பழைய சர்வே கல் இருக்க வேண்டும், படத்தில் இருக்கிறது, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். நானும் வருவதாகச் சொன்னேன். "வேண்டாம், உனக்குச் செருப்பு வழுக்கும். கீழ சப்பைப் பாறையில இரு. வாறேன்."

சப்பைப் பாறையில் விறகுக்காரி ஒருத்தி சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் செல்லம்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூட வந்தவர்கள் முன்னால் இறங்கிவிட்டார்களாம்.

"தம்பிக்கு என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் ஆகல்ல."

"அதாக்கும் மலைக்கு வந்தது" என்று சிரித்தாள். மடியிலிருந்து நான்கைந்து நெல்லிக்காய்களை எடுத்துத் தந்தாள். "இத தின்னும். இந்தச் சுமைய ஒரு கை பிடிச்சுத் தலையில ஏத்தி விடும்."

இருவரும் சேர்ந்து சுமையைத் தூக்கினோம். அது பாதி உயரத்தில் இருந்தபோதுதான் கேட்டது.

கூ.

உங்கள் குரல் என்று உடனே தெரிந்தது. இதைத்தான் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. குரங்கோ, மரமோ, வாதையோ என்று ஒரு கணம் கூட நான் குழம்பவில்லை. என் வாய் திறந்தது. செல்லம்மை சுமைக்கு அடியிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மிண்டாதிரும். ஒத்தக் கூவலு."

நான் மிண்டவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சுமையைத் தலையில் வாங்கிக்கொண்டு அவள் கழுத்தை அசைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டாவது வரவில்லை. பக்கவாட்டில் மூன்று முறை துப்பினாள். "நீரும் நிக்காண்டாம். வாரும்" என்றாள். அத்தான் வருவாங்க என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அதன்பின் நான் தனியாக இருந்தேன். அத்தான், உங்களிடம் எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. நான் நெல்லிக்காய் தின்றேன். ஒன்றன்பின் ஒன்றாக. பாறை இடுக்கில் வழிந்த தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தேன். நெல்லிக்காய்க்கு மேல் தண்ணீர் இனித்தது. அந்த இனிப்பைக் கூட ரசித்தேன். நான் பாறையில் உட்கார்ந்தபோது அதன்மேல் வெயில் இல்லை. எழுந்தபோது பாதிப் பாறை வரை வெயில் வந்திருந்தது.

வளைவுக்கு அப்பால் பாசி பிடித்த பாறையில் உங்கள் செருப்பு இழுத்த தடம் இருந்தது. நீங்கள் பள்ளத்தில் கிடந்தீர்கள். கை சூடாக இருந்தது. என் வேட்டியைக் கிழித்து உங்கள் தலையைக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான், ரத்தம் முன்பே நின்றுவிட்டது என்று பார்த்தேன்.

மூங்கிலில் துணி கட்டி நான்கு பேர் உங்களைச் சுமந்து இறங்கினார்கள். விழுந்ததும் போயிருக்கும், வேதனை இருந்திருக்காது என்றார் டாக்டர். சப்பைப் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மலை வளைந்திருக்கிறது, கூப்பிட்டாலும் கேட்டிருக்காது என்றார்கள் உங்கள் ஆபீஸ்காரர்கள். நான் தலையை ஆட்டினேன்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. உங்களைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அவரு கூப்பிட்டாராலே?"

"இல்லக்கா. ஒரு சத்தமும் கேக்கல."

அவள் கண்ணை மூடினாள். "அப்ப செரி" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையோடு நான் ஒரு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தேன். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள். "வேதனையில்லாமப் போயிட்டாவ. இவன் பக்கத்துலதான் நின்னான். ஒரு சத்தமும் கேக்கலியாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்பேன். எத்தனை ஆமாம். எனக்குச் சோறு போடும்போது அவள் கை தாராளமாகிவிட்டிருந்தது. உங்கள் கடைசி நேரத்தை அவளுக்கு இலகுவாக்கிக் கொடுத்தவன் அல்லவா நான்.

எனக்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. அதையும் செய்துகொண்டேன். நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்துத்தான் நான் பதில் கொடுக்கவில்லை. காலையில் சொன்னபடி என்னைச் சோதிக்கிறீர்கள், நானும் பேசாமல் இருந்து உங்களைச் சீண்டுகிறேன். நல்ல பொய். பாதி உண்மையும் இருக்கிறது. பல மாதம் அதில் படுத்துத் தூங்கினேன்.

அது இல்லை. பயந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபோது என் பிடரி சில்லிட்டது. என் படிப்பும், என் பிரசங்கமும், நான் அடிக்கோடிட்டு வைத்த புத்தகங்களும் என்னை விட்டு எங்கே போயின? உங்கள் குரல் என்று தெரியும். தெரிந்தே பயந்தேன். உங்கள் குரலில் வேறொன்று கூவியிருக்குமோ என்று பயந்தேன். இதற்கு என்ன பெயர் என்று நான் படித்த எதிலும் இல்லை.

நீங்கள் சொன்னது சரி, அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று முறை கூவ மூச்சு இருப்பவனுக்காகச் செய்த ஏற்பாடு. ஒரு மூச்சு மட்டும் மிச்சமிருப்பவன் என்ன செய்வான்? இந்த மலையில் மிகவும் கஷ்டத்தில் இருப்பவன்தானே ஒரு முறை மட்டும் கூவுவான்? அவனைத்தான் எல்லோரும் வாதை என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறோமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கூவினால் யாரும் வர மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கூவினீர்கள்? வலியில் வந்ததா? அல்லது, இந்த மலையில் ஒருத்தன் இருக்கிறான், அவன் இதையெல்லாம் நம்பாதவன், அவன் வருவான் என்று என்னை நினைத்துக் கூவினீர்களா?

எது என்று சொல்ல மாட்டீர்கள். எதுவானாலும் என்னால் தாங்க முடியாது.

வருஷத் திதி முடிந்த மூன்றாம் நாள் அக்கா கேட்டாள். "அவரு நடந்த வழிய எனக்குக் காட்டு."

"வழுக்கும் அக்கா."

"நான் என்ன தேங்காயா, உருண்டு போறதுக்கு?"

"ஊருல என்ன பேசுவாவ?"

"ஊரு ஒரு வருசமா பேசியாச்சு. நட."

தங்கையன் எங்களைப் பார்த்ததும் அடுப்பை விட்டு வெளியே வந்தான். இந்த முறை வேடிக்கைப் பேச்சு இல்லை. "அம்மா, ஏறண்டாம்" என்றான்.

"அவரு ஏறுன மலைதானே தங்கையா. எறங்கி வந்துருவேன்."

அவன் என்னைத் தனியாக இழுத்து, சுற்றி வர வேண்டாம், போன வழியே திரும்பிவிடச் சொன்னான். அது அக்கா காதில் விழுந்தது. "சுத்தித்தான் வருவோம்" என்றாள்.

நான் நினைத்ததை விட வேகமாக ஏறினாள். எங்கும் உட்காரவில்லை. போன வருஷத்தைப் போலவே பனி. அதே ஈரம். ஒரு பெரிய வேங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இதுதான் இடி விழுந்த வேங்கையா? பொறவு ஒரு ஊத்து வருமே?" ஊற்று வந்தது. எனக்கு அது நினைவில் இல்லை. நீங்கள் ஒவ்வொரு மார்கழியிலும் வீட்டுக்குத் திரும்பி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். கூட நடந்த நான் ஒன்றையும் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

சப்பைப் பாறைக்கு வந்தோம்.

"நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"என்ன செஞ்சுகிட்டிருந்த?"

"சும்மா."

"அவரு விழுந்தது?"

கையைக் காட்டினேன். அவள் வளைவையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிலத்தைப் பார்ப்பீர்களே, அதே பார்வை.

"இங்க நின்னா கேக்காதுன்னு எல்லாரும் சொன்னாவ. எழுதியும் வச்சாவ. அவரு இருந்தா என்ன சொல்லுவாரு?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்.

"கடலாசுல உள்ளத நம்பாதே, போயிப் பாருன்னு சொல்லுவாரு." முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் அங்க போயி ஒரு கூவு கூவுதேன். கேட்டா எதிர்க்கூவல் குடு. கேக்கலன்னா மிண்டாம நில்லு."

"அக்கா, நானும் வாறேன்."

"நில்லு."

போய்விட்டாள். பாறையில் நான் மட்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். பேசாமல் நின்றால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் திரும்பி வந்து, கேக்கலியா என்பாள். இல்லை என்பேன். அப்ப செரி என்பாள். ஆயுசு முழுக்க அவளுக்கு அது போதும். நீங்கள் வேதனைப்படாமல் போனீர்கள். அதை அவளிடமிருந்து பிடுங்க நான் யார்? என் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக அவள் நெஞ்சில் கல்லை வைப்பதா? கல்லூரியில் இரண்டு பக்கமும் நின்று வாதாடிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்றும் இரண்டு பக்கமும் நானே பேசினேன். இரண்டு பக்கமும் ஜெயித்தது.

அப்போது கூவல் வந்தது.

அக்கா பிறந்ததிலிருந்து அப்படிக் கூவியவள் அல்ல. மெலிந்து, நடுவில் உடைந்து வந்தது. ஆனால் இலை சொட்டும் சத்தத்தை விடத் தெளிவாகக் கேட்டது. மலை எதையும் மறைக்கவில்லை. ஒன்றே ஒன்று.

என் உடம்பு இரண்டாவதுக்காகக் காத்திருக்கிறது என்று அப்போது கண்டுகொண்டேன். மறுபடியும். ஒரு வருஷம் கழித்தும். என் சொந்த அக்காவுக்கும்.

கூவினேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது. மூன்று முறை கூவ நினைத்தேன். ஒன்றுதான் முடிந்தது.

அவள் மெதுவாக வந்தாள். புடவையின் ஓரமெல்லாம் பாசி. பாறையில் உட்கார்ந்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"அன்னைக்கும்?"

"கேட்டுதுக்கா."

"எத்தன?"

"ஒண்ணு."

புடவையிலிருந்த பாசியைக் கிள்ளி எறிந்தாள். பிறகு, "அப்ப உசுரு இருந்திருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தரையிடம் சொன்னாள்.

"நீ ஏன் போகல?"

ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. விளையாட்டுன்னு நெனச்சேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஒருவேளை அழுதிருப்பாள், என்னைத் தொட்டிருப்பாள்.

"பயந்துட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"ஒத்தக் கூவல்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயா?" என்றாள்.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, அழவில்லை. எழுந்து கிழக்குச் சரிவில் இறங்கத் தொடங்கினாள். வழுக்கும் இடத்தில் நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். குமாரகோவில் வரை அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்து சுற்றை முடித்தோம்.

நான்கு நாள் பேச்சில்லை. வேளைக்குச் சோறு வந்தது. பார்வை வரவில்லை. எனக்குச் சென்னையில் ஒரு குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது, தை பிறந்ததும் சேர வேண்டும். அந்தக் காகிதத்தை அவள் கண்ணில் படும்படி வைத்தேன். போ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஓடிவிடலாம். அவள் துரத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் அத்தான். இல்லாத தெய்வங்களிடம் எல்லாம் வேண்டினேன்.

ஐந்தாம் நாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். கேக்காதே."

"கேக்கலக்கா."

"கொரலு எப்படி இருந்துது?"

"எந்தக் கொரலுக்கா?"

"அவரு கொரலு. கூவினாருல்லா? சத்தமாவா, மெள்ளவா? நீட்டியா? அடைச்ச மாதிரியா?"

சொல்லப் பார்த்தேன். கொஞ்சம் நீட்டி, கடைசியில் இறங்கி. எத்தனை புத்தகம் படித்தவன் நான். ஒரு குரலைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நீங்கள் சேதி சொல்லும்போது கேட்பாளே, அப்படி. பிறகு சொன்னாள்:

"கூவிக் காட்டு."

முடியவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

அதிலிருந்து தினமும் கேட்கிறாள். விளக்கு துடைக்கும்போது, அரிசி களையும்போது, காரணமே இல்லாமல் வாசலில் நிற்கும்போது. "ஒருக்கா." கோபமாகக் கேட்பதில்லை. தண்ணீர் கேட்பதுபோல் கேட்கிறாள். நேற்று அந்த உத்தரவுக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போறதுன்னா போ. அத எனக்குக் குடுத்துட்டுப் போ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் வேதனையில்லாத சாவை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அவளுக்கு உலகத்தில் மிச்சமிருப்பது ஒரு சத்தம். உங்களிடமிருந்து கடைசியாக வந்தது. அது என் காதில் மட்டும் இருக்கிறது. நான் செத்தால் அதுவும் செத்தது. அதற்கு முன்பே போய்விடும் போலிருக்கிறது. மலையில் அக்கா கூவியதிலிருந்து இரண்டும் கலக்கத் தொடங்கிவிட்டன. கண்ணை மூடினால் உங்கள் கூவலின் நடுவில் அவள் குரல் உடைகிறது. எது உங்களுடையது, எது அவளுடையது? இன்னும் ஒரு மாதம் போனால் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. உங்களை ஒரு முறை சாக விட்டேன். இந்த முறையும் நெல்லிக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே இதை எழுதிவைக்கிறேன். எழுதி, அச்சில் வந்துவிட்டால், பின்வாங்க முடியாது.

நாளைக் காலையில் அக்காவை ஏலா வயல்வெளியின் இந்தக் கரையில் நிறுத்திவிட்டு வயல்களைத் தாண்டி அந்தக் கரைக்குப் போவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். உங்கள் குரலில் கூவுவேன். தப்பாக வந்தால் மறுபடியும் கூவுவேன். மறுநாளும் கூவுவேன். பத்து வருஷம் உங்கள் குரலைக் கேட்டவள் அவள், உங்களுடையது இல்லாததை இதுதான் என்று சொல்ல மாட்டாள். என்னிடம் இனி ஏமாற மாட்டாள். அவள் இதுதான் என்று கையைத் தூக்கும் வரை நான் சென்னைக்கு வண்டி ஏற மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இந்தக் கரையிலிருந்து அவள் எதிர்க்கூவல் கொடுத்தால், அது எனக்கில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பகவதியின் தம்பி,
உங்கள் மச்சினன்,
தாணு

தக்கலை, மார்கழி